முக்குளிப்புக் கணினிகளும் கம்பியில்லா டிரான்ஸ்மிட்டர்களும்: பொருந்தும் மரையும் பொருந்தாத மொழியும்

புளியங்குடியில் கடல் இல்லை. மேற்கே மலை, சுற்றிலும் எலுமிச்சைத் தோட்டம், இடையிடையே குளங்களும் பெரிய வட்டக் கிணறுகளும். தண்ணீருக்குள் பாய்ந்து அடிமண்ணை அள்ளி வந்து காட்டுவது இப்பகுதிச் சிறுவர்களுக்குப் பழகிய விளையாட்டு. அந்த விளையாட்டில் கருவி எதுவும் இல்லை. மூச்சு முட்டினால் மேலே வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குபவருக்கு மூச்சு முட்டுவது எச்சரிக்கை ஆகாது. உருளையில் காற்று தீரும் கடைசித் தருணம் வரை மூச்சு பெரும்பாலும் சீராகவே வந்துகொண்டிருக்கும். ஆகவே மீதம் எவ்வளவு என்பதை ஒரு கருவிதான் சொல்ல வேண்டும்.

இன்று அந்தக் கருவி பலருக்கும் மணிக்கட்டில் கட்டும் முக்குளிப்புக் கணினியாக மாறியிருக்கிறது. உருளையின் அழுத்தத்தைக் குழாய் எதுவும் இல்லாமல் அலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் அதற்குத் துணை. இந்தத் தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது, ஒரு நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டர் மற்றொரு நிறுவனத்தின் கணினியோடு ஏன் பேசுவதில்லை, அந்தப் பேசாமை நியாயமானதா என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருவியின் அமைப்பு

முக்குளிப்புக் கணினியின் அடிப்படை வேலை இரண்டு அளவைகளைக் கொண்டது: ஆழம், நேரம். இவ்விரண்டையும் வைத்து உடலின் திசுக்களில் எவ்வளவு நைட்ரசன் கரைந்திருக்கும் என்று அது தொடர்ந்து கணக்கிடுகிறது. 1908ஆம் ஆண்டு ஜான் ஸ்காட் ஹால்டேன் வெளியிட்ட அழுத்தத் தளர்வு அட்டவணைகளே இக்கணக்கின் வேர். பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் பூல்மன் உருவாக்கிய கணித மாதிரி இன்றைய பல கணினிகளில் இயங்குகிறது. 1983இல் வெளிவந்த ஆர்கா எட்ஜ் என்னும் கருவி வணிக அளவில் வெற்றி பெற்ற முதல் முக்குளிப்புக் கணினி எனக் கருதப்படுகிறது.

அக்காலத்தில் காற்றின் அழுத்தத்தைத் தனியே ஒரு முள் அழுத்தமானி காட்டியது. உருளையின் வால்வில் பொருத்தப்படும் முதல்நிலைச் சீராக்கியிலிருந்து ஓர் உயரழுத்தக் குழாய் அந்த மானிக்கு வரும். பின்னர் அந்தக் குழாயே கணினியோடு இணைக்கப்பட்டது. 1990களில் குழாய்க்குப் பதிலாக அலை வந்தது. இன்று டிரான்ஸ்மிட்டர் என்பது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சிறு உருளை வடிவப் பொருள். அது முதல்நிலைச் சீராக்கியின் உயரழுத்தத் துளையில் திருகப்படுகிறது. அதனுள் ஓர் அழுத்த உணரி, ஒரு சிறு சுற்று, ஒரு கம்பிச்சுருள், ஒரு மின்கலம் ஆகியவை உள்ளன. சில நொடிகளுக்கு ஒருமுறை அது தன் அடையாள எண்ணையும் அழுத்த அளவையும் அனுப்புகிறது.

இதனால் கிடைப்பது அழுத்த எண் மட்டுமன்று. கணினிக்கு ஆழமும் தெரியும், அழுத்தம் குறையும் வேகமும் தெரியும். ஆகவே இன்னும் எத்தனை நிமிடம் காற்று இருக்கும் என்று அது கணித்துவிடும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சுமார் 11 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினிய உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. 50 பாரை ஆபத்துக்காக ஒதுக்கினால் பயன்படுத்தக்கூடியது 150 பார்; அதாவது 1650 லிட்டர். கரையில் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், 20 மீட்டர் ஆழத்தில் சூழலழுத்தம் 3 பார் என்பதால் நிமிடத்திற்கு 60 லிட்டர் செலவழிப்பார். 1650ஐ 60ஆல் வகுத்தால் சுமார் 27 நிமிடம். இதே மனிதர் 10 மீட்டரில் இருந்தால் சுமார் 41 நிமிடம் கிடைக்கும். இந்தக் கணக்கைத் தண்ணீருக்குள் மனத்தில் போடுவது கடினம். கணினி நொடிக்கு நொடி போடுகிறது. தொழில்நுட்பத்தின் உண்மையான நன்மை இதுவே. குழாய் ஒன்று குறைகிறது என்பது இரண்டாவது வசதிதான்.

நீருக்குள் அலை எப்படிச் செல்கிறது

கைப்பேசியிலும் காதொலிக் கருவியிலும் பயன்படும் புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால் இவ்வளவு உயர்ந்த அதிர்வெண் சில சென்டிமீட்டரிலேயே அழிந்துவிடும். முக்குளிப்பு முடிந்து கரைக்கு வந்த பின் பதிவுகளைக் கைப்பேசிக்கு மாற்ற மட்டுமே புளூடூத் உதவும்.

எனவே டிரான்ஸ்மிட்டர்கள் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துகின்றன. பரவலாக வழங்கும் ஒரு வகை சுமார் 38 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. மின்காந்த அலை ஒரு கடத்தியினுள் எவ்வளவு தூரம் புகும் என்பதற்குப் புகு ஆழம் என்று ஓர் அளவு உண்டு. அந்தத் தூரத்தில் அலையின் வலிமை ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைந்துவிடும். கடல்நீரின் கடத்துதிறனை மீட்டருக்கு 4 சீமென்சு எனக் கொண்டால், 38 கிலோஹெர்ட்ஸில் புகு ஆழம் சுமார் 1.3 மீட்டர். இதோடு இன்னொரு இழப்பும் சேர்கிறது. கம்பிச்சுருளின் அருகிலுள்ள காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிராகக் குறையும். அரை மீட்டரில் கிடைத்த வலிமை ஒரு மீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். முதுகில் இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் மணிக்கட்டில் இருக்கும் கணினிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர். அதாவது இக்கருவி தன் எல்லையின் ஓரத்திலேயே வேலை செய்கிறது. டிரான்ஸ்மிட்டர் எந்தப் பக்கத்துத் துளையில் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கையிலேயே கணினியைக் கட்டச் சொல்வதன் காரணம் இதுதான். ஒளிப்படக்காரரின் மின்னொளி விளக்கும், மின்மோட்டாரில் ஓடும் நீரடி உந்தியும் அருகில் இருந்தால் குறி தடுமாறுவதும் இதனால்தான்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புளியங்குடிக் கிணறு ஒன்றின் நீர்க் கடத்துதிறனை மீட்டருக்கு 0.1 சீமென்சு எனக் கொண்டால், அதே 38 கிலோஹெர்ட்ஸுக்குப் புகு ஆழம் 8 மீட்டருக்கு மேல் வரும். மும்மடி இழப்பு அங்கும் உண்டு என்றாலும், நீர் விழுங்கும் இழப்பு மிகக் குறைவு. ஆகவே நன்னீரில் குறி தவறாமல் வந்தது என்பதை வைத்துக் கடலிலும் அப்படியே வரும் என்று முடிவு கட்டக்கூடாது. நீச்சல் குளத்தில் சோதித்துப் பார்த்த ஒரு மதிப்புரையைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

இரண்டாவது வழி ஒலி. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. மின்காந்த அலையைப்போல் எளிதில் அழிவதும் இல்லை. கார்மின் நிறுவனத்தின் டிசென்ட் வரிசைக் கணினிகளும் அவற்றின் டிரான்ஸ்மிட்டர்களும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. எல்லை சுமார் 10 மீட்டர் என்பதால் ஒரு பயிற்சியாளர் தன் மாணவர்களின் உருளை அழுத்தத்தையும் தன் கணினியிலேயே பார்க்க முடிகிறது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் மாணவர்கள் எல்லோரும் அதே நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டரை வைத்திருந்தால்தான் முடியும். அங்கேதான் நம் விமர்சனம் தொடங்குகிறது.

பொருந்துவது எது, பொருந்தாதது எது

முக்குளிப்புக் கருவிகளின் உலகம் பொருத்தம் தெரியாத உலகம் அன்று. உருளை வால்வில் சீராக்கியை இணைக்கும் முறைகள் பெரும்பாலும் இரண்டே: திருகும் டின் முறை, இறுக்கிப் பிடிக்கும் நுகமுறை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் இடைப்பொருள்கள் மலிவாகக் கிடைக்கின்றன. முதல்நிலைச் சீராக்கியின் தாழழுத்தத் துளைகள் பொதுவாக எட்டில் மூன்று அங்குல மரை. உயரழுத்தத் துளை பதினாறில் ஏழு அங்குல மரை. எந்த நாட்டில் செய்ததானாலும், எந்தப் பெயர் பொறித்ததானாலும், இந்த அளவு அநேகமாக மாறுவதில்லை. அதனால் இத்தாலிய நிறுவனத்தின் சீராக்கியில் அமெரிக்க நிறுவனத்தின் அழுத்தமானியைத் திருகி, வேறொருவரின் உருளையில் மாட்டிக்கொண்டு ஒருவர் கடலில் இறங்கலாம். உலகெங்கும் முக்குளிப்புச் சுற்றுலா வளர்ந்ததற்கு இந்த எளிய மரை ஒரு பெரிய காரணம்.

டிரான்ஸ்மிட்டரும் அதே பதினாறில் ஏழு அங்குல மரையில்தான் வருகிறது. எந்தச் சீராக்கியிலும் திருகலாம், காற்றுக் கசியாது. ஆனால் அது சொல்வதை அடுத்த நிறுவனத்தின் கணினி கேட்பதில்லை. இரும்பு பொருந்துகிறது, மொழி பொருந்தவில்லை. உயிர்காக்கும் ஒரு செய்தியை இயந்திரப் பொருத்தத்தில் தாராளமாகவும் தகவல் பொருத்தத்தில் கஞ்சத்தனமாகவும் நடத்தும் இந்த முரண்தான் இத்தொழில்நுட்பத்தின் பெருங்குறை.

நடப்பில் உள்ள நிலையைச் சுருக்கமாகச் சொன்னால் மூன்று வகை காணலாம். முதல் வகை, பெலாஜிக் பிரஷர் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் உருவாக்கிய 38 கிலோஹெர்ட்ஸ் நெறிமுறை. இந்நிறுவனம் ஓஷனிக் முதலிய பல பெயர்களுக்காகக் கணினிகளைச் செய்து கொடுத்தது; 2015இல் அக்வாலங் அதை வாங்கியது. கனடாவின் ஷியர்வாட்டர் நிறுவனம் 2016இல் பெர்டிக்ஸ் ஏ.ஐ. கணினியை வெளியிட்டபோது புதிதாக ஒரு மொழியை உருவாக்காமல் இந்த நெறிமுறையையே எடுத்துக்கொண்டது. அதனால் பெயர்ப்பலகை வேறாயினும் உள்ளே பேசும் மொழி ஒன்றாக உள்ள கருவிகள் பல உண்டு. இரண்டாம் வகை, சூன்டோ, ஸ்கூபாப்ரோ போன்ற நிறுவனங்கள் தத்தம் கணினிகளுக்கென்று வைத்திருக்கும் தனி நெறிமுறைகள். மூன்றாம் வகை, கார்மினின் ஒலி முறை. இது அதிர்வெண்ணில் மட்டுமன்றி அலையின் இயல்பிலேயே வேறானது. ஆகவே மென்பொருளைப் புதுப்பித்து இதை மற்றவற்றோடு இணைக்க வழியே இல்லை.

இதில் வாங்குபவருக்கு ஏற்படும் குழப்பம் சிறியதன்று. இரண்டு வேறு பெயர்கள் ஒத்துப்போகின்றன; ஒரே பெயரின் பழைய மாதிரியும் புதிய மாதிரியும் ஒத்துப்போகும் என்பதற்கு உறுதி இல்லை. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து இதை அறிய முடியாது. ஐரோப்பாவில் சீராக்கிகளுக்கு ஈ.என். 250 என்னும் தரநிலை உண்டு. ஆழமும் நேரமும் அளக்கும் கருவிகளுக்கு ஈ.என். 13319 உண்டு. இரண்டாவது தரநிலை ஆழத்தை எவ்வளவு துல்லியமாகக் காட்ட வேண்டும் என்று சொல்கிறது. டிரான்ஸ்மிட்டர் எந்த மொழியில் பேச வேண்டும் என்பது அதன் பொருள் அன்று.

நிறுவனங்களின் தரப்பு

ஒருதலையாகப் பேசுவது விமர்சனம் ஆகாது. தனி நெறிமுறைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க காரணங்களும் இருக்கின்றன.

முதலாவது, பொறுப்பு. கணினி தவறான அழுத்தத்தைக் காட்டி ஒருவர் இறந்தால் யார் பதில் சொல்வது? உணரியும் ஒருவருடையது, கணினியும் அவருடையது என்றால் பதில் தெளிவு. இரண்டும் வேறு வேறு கைகளிலிருந்து வந்தால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

இரண்டாவது, மோதல். பெரும்பாலான 38 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர்கள் பேச மட்டுமே தெரிந்தவை, கேட்கத் தெரியாதவை. ஒரே படகிலிருந்து இறங்கும் இருவரின் டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே நொடியில் பேசினால் இரண்டு செய்தியும் கெடும். இருவரும் ஒரே இடைவெளியில் அனுப்பினால் அந்த மோதல் நெடுநேரம் நீடிக்கலாம். இதைத் தவிர்க்கச் சாம்பல் நிறத்துக்கும் மஞ்சள் நிறத்துக்கும் அனுப்பும் இடைவெளியைச் சற்றே மாற்றி வைத்தார்கள். பின்னர் வந்த ஷியர்வாட்டர் ஸ்விஃப்ட் டிரான்ஸ்மிட்டர், அருகில் வேறு டிரான்ஸ்மிட்டர்கள் பேசுகின்றனவா என்று முதலில் கேட்டுவிட்டுத் தன் நேரத்தை மாற்றிக்கொள்கிறது. எல்லோரும் ஒரே மொழி பேசினால் கூட்டத்தில் இரைச்சலும் கூடும் என்பது இந்த வாதத்தின் சாரம்.

மூன்றாவது, புதுமை. எல்லோரும் 38 கிலோஹெர்ட்ஸில்தான் பேச வேண்டும் என்று 2000ஆம் ஆண்டே விதித்திருந்தால் ஒலி முறை வந்திருக்குமா என்று கேட்கலாம்.

மூன்றையும் எடைபோட்டால் முதல் வாதம் வலுவிழக்கிறது. சீராக்கி ஒருவருடையது, உருளை ஒருவருடையது, காற்றை நிரப்பியவர் இன்னொருவர் என்ற நிலை நெடுங்காலமாக இருந்துவருகிறது. அங்கெல்லாம் தரநிலைதான் பொறுப்பை வரையறுக்கிறது. இரண்டாவது வாதம் தன்னைத்தானே மறுக்கிறது. ஒரே அலைவரிசையைப் பகிர்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டு விலகிப் பேசுவதற்குப் பொது விதிதான் தேவை. ஸ்விஃப்ட் செய்திருப்பதும் பழைய கணினிகளுக்குப் புரியும் மொழியை விட்டுவிடாமல் பேசும் முறையைத் திருத்தியதே. பொருத்தமும் முன்னேற்றமும் ஒன்றாகச் செல்ல முடியும் என்பதற்கு அதுவே சான்று. மூன்றாவது வாதம் மட்டும் நிற்கிறது. ஆனால் பொது மொழி ஒன்று இருப்பது புதிய மொழியைத் தடுக்க வேண்டியதில்லை. பொது மொழியை எல்லோரும் கட்டாயம் பேசட்டும். அதற்கு மேல் தனி மொழியும் பேசட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்குச் சி வகை மின்னேற்றத் துளையைக் கட்டாயமாக்கியது. அதனால் கைப்பேசித் தொழில் நின்றுபோகவில்லை.

கயிறும் மைத்துனரும்

தகவல் பொருத்தம் என்பது நம் கடலுக்குப் புதிய செய்தி அன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் காலில் கோத்துக் கடலடிக்கு இறங்கினார்கள். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூச்சு தீரும்போது கீழே இருப்பவர் கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுப்பார். அந்தக் கயிறுதான் அக்காலத்து டிரான்ஸ்மிட்டர். கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானைத்தான் வைப்பார்கள், தன் அக்காளோ தங்கையோ தாலி இழக்க அவன் விடமாட்டான் என்பது தென்கடற்கரையில் இன்றும் வழங்கும் பேச்சு. வழக்கம் எங்கும் அப்படியே இருந்ததா என்பது வேறு. அந்தப் பேச்சு உணர்த்துவது இதுதான்: செய்தி போய்ச் சேரும் இடத்தில் நம்பிக்கை வேண்டும். ஆனால் கயிற்றை யார் பிடித்தாலும் அசைவின் பொருள் ஒன்றே. ஒரு படகுக்காரரின் கயிறு இன்னொரு படகுக்காரருக்குப் புரியாது என்ற நிலை அங்கே இல்லை.

1960களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக்கு அப்பால் கடலுக்குள் மூழ்கிக் கடலடிப் பாறைகளையும் முத்துப்படுகைகளையும் ஆய்வு செய்தார்கள். அப்படுகைகளுக்கு மீனவர் வைத்த பெயரும் பார், இன்று நாம் காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகின் பெயரும் பார் என்பது தற்செயலான ஒலி ஒற்றுமை. அக்கால ஆய்வாளர்களிடம் கம்பியில்லாக் கருவி எதுவும் இல்லை. கருவி இல்லாததால் அவர்களின் அறிவியல் குறைந்துவிடவில்லை.

நம் கடலில் இது யாருக்குத் தேவை

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே உள்ளன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை அங்கே முக்குளித்துப் பவளங்களைக் கண்காணிக்கின்றன. இவ்வளவு குறைந்த ஆழத்தில் காற்று நெடுநேரம் வரும். மேற்பரப்பும் கைக்கெட்டும் தூரம். இங்கே முள் அழுத்தமானி போதும்.

பூம்புகார் வேறு. தேசியக் கடலியல் நிறுவனம் 1991இல் அங்கே கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவக் கட்டுமானம் ஒன்றைக் கண்டது. காவிரி முகத்துக் கடல் கலங்கலானது. ஒரு கையில் அளவு நாடா, மறு கையில் எழுதும் பலகை வைத்திருப்பவருக்கு, இடுப்பில் தொங்கும் மானியைத் தேடி எடுக்காமல் மணிக்கட்டிலேயே அழுத்தம் தெரிவது உண்மையான உதவி.

ஈழத்தின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அக்கப்பல் 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உள்ளது. அங்கே இறங்குபவர் ஒன்றுக்கு மேற்பட்ட உருளைகளையும் வெவ்வேறு வாயுக் கலவைகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். மேலே வரும்போது படிப்படியாக நின்று வர வேண்டும். மூன்று உருளைகளின் அழுத்தத்தை ஒரே திரையில் பார்ப்பது அங்கே ஆடம்பரம் அன்று. அதே நேரம், பொருத்தமின்மையின் விலையும் அங்கேதான் அதிகம். மூன்று உருளைக்கு மூன்று டிரான்ஸ்மிட்டர். கணினியை மாற்றினால் மூன்றையும் மாற்ற வேண்டிவரும். இப்படித்தான் ஒருவர் ஒரு நிறுவனத்தோடு கட்டுண்டு போகிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் கடலில் நாள்தோறும் பிழைப்புக்காக மூழ்குபவர்களிடம் இக்கருவிகள் இல்லை. இராமேசுவரம் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மூச்சடக்கியே மூழ்குகிறார்கள். சங்கு எடுப்பவர்களில் படகிலுள்ள அமுக்கியிலிருந்து குழாய் வழியாகக் காற்றைப் பெற்று இறங்குபவர்களும் உண்டு. அவர்கள் ஆழத்தில் நெடுநேரம் தங்கி, நில்லாமல் மேலே வந்தால் நைட்ரசன் குமிழ்கள் மூட்டையும் நரம்பையும் தாக்கும். அவர்களுக்கு வேண்டியது உருளை அழுத்தம் காட்டும் டிரான்ஸ்மிட்டர் அன்று. ஆழமும் நேரமும் காட்டி எச்சரிக்கும் எளிய கணினி. கருவி வணிகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அறிய இந்த ஒரு வேறுபாடு போதும். பொழுதுபோக்குக்காக மூழ்குபவரின் குழாயை நீக்க மூன்று வகைத் தொழில்நுட்பங்கள் போட்டியிடுகின்றன. பிழைப்புக்காக மூழ்குபவரின் கையில் ஒன்றும் இல்லை.

திறந்த வழி ஒன்று

மூடிய நெறிமுறைகள் திறக்கப்பட்ட முன்னுதாரணம் இதே துறையில் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் தன் முக்குளிப்புப் பதிவுகளைத் தன் மென்பொருளுக்கு மட்டுமே கொடுத்த காலம் ஒன்று இருந்தது. லிப்டைவ்கம்ப்யூட்டர் என்னும் கட்டற்ற நிரல்தொகுதி பல நிறுவனங்களின் பதிவு மொழிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தறிந்தது. லினக்சை உருவாக்கிய லினசு டோர்வால்ட்சு தாமே முக்குளிப்பவர். 2011இல் அவர் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் அந்த நிரல்தொகுதியைப் பயன்படுத்துகிறது. இன்று பல நிறுவனக் கணினிகளின் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம்.

ஆனால் கரையில் பதிவைப் படிப்பதும் கடலுக்குள் அழுத்தத்தைப் படிப்பதும் ஒன்றல்ல. பதிவு தவறினால் ஒரு நாட்குறிப்புப் பக்கம் போகும். அழுத்தம் தவறினால் உயிர் போகும். ஆகவே ஆர்வலர்கள் ஊகித்தறிந்த மொழியைக் கொண்டு நீருக்குள் இயங்கும் கருவி செய்யக்கூடாது. நிறுவனங்களே நெறிமுறையை வெளியிட வேண்டும். தரநிலை அமைப்பு ஒன்று அதைச் சோதிக்க வேண்டும். கேட்பது இவ்வளவே: அடையாள எண், அழுத்தம், மின்கல நிலை ஆகிய மூன்றையும் சொல்லும் ஒரு பொதுச் செய்தி வடிவம்.

வாங்குபவருக்குச் சில குறிப்புகள்

இத்தகைய கருவிகள் நம் நாட்டுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. தவறாக வாங்கினால் திருப்பி அனுப்புவது எளிதன்று. எனவே கணினியின் கையேட்டில் பொருந்தும் டிரான்ஸ்மிட்டர்களின் மாதிரி எண்களை முதலில் பார்க்க வேண்டும். கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. பழைய டிரான்ஸ்மிட்டரை வாங்குபவர் அதன் அடையாள எண் தெளிவாக உள்ளதா என்று பார்க்க வேண்டும்; அந்த எண்ணைக் கணினியில் பதிந்தால்தான் சில வகைகள் இணையும். எந்த மின்கலம் வேண்டும் என்பதும் முக்கியம். சிறு ஊர்க் கடைகளில் கிடைக்காத மின்கலம் தீர்ந்தால், பயணத்தின் மற்ற நாட்களுக்கு அக்கருவி வெறும் மூடியாகத்தான் இருக்கும். டிரான்ஸ்மிட்டரைப் பிடித்துத் தூக்கவோ திருகவோ கூடாது. சீராக்கியில் எளிதில் உடையும் பகுதி அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிறு முள் அழுத்தமானியையும் உடன் வைத்திருக்க வேண்டும். அதற்கு மின்கலம் வேண்டாம், இணைப்பு எண் வேண்டாம், எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். குறி அறுந்தால் கணினி அதைத் திரையில் சொல்லும். ஆனால் மீதக் காற்று எவ்வளவு என்று சொல்லாது.

மதிப்பீடு

கம்பியில்லா டிரான்ஸ்மிட்டர் பயனற்ற ஆடம்பரம் அன்று. மீதக் காற்றை நிமிடமாக மாற்றிக் காட்டுவதும், பல உருளைகளை ஒரே திரையில் சேர்ப்பதும், பயிற்சியாளர் தன் மாணவர்களின் நிலையை அறிவதும் முக்குளிப்பைப் பாதுகாப்பாக்கும் நன்மைகள். இயற்பியல் விதித்த எல்லைக்குள் பொறியாளர்கள் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். குறை பொறியியலில் இல்லை, வணிகத்தில் இருக்கிறது. அழுத்தத்துக்கு ஒரு மரையை ஒப்புக்கொண்ட துறை, அழுத்தம் பற்றிய செய்திக்கு ஒரு மொழியை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு முக்குளிப்பவர்கள் துணையாக இறங்குவது இத்துறையின் முதல் பாடம். ஒருவரின் காற்றுத் தீர்ந்தால் மற்றவர் கொடுப்பார்; அதற்கேற்பச் சீராக்கிகளின் வாய்ப்பகுதி யார் வாய்க்கும் பொருந்துமாறு செய்யப்பட்டிருக்கிறது. காற்றைப் பகிர முடிகிற இருவர், அந்தக் காற்று எவ்வளவு இருக்கிறது என்ற செய்தியைப் பகிர முடியாமல் இருப்பதை எந்த வணிகக் காரணமும் நியாயப்படுத்தாது.